மறு: நெர்வ் பிளாக்குக்குத் தமிழ்: ‘நரம்பு அடைப்பு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் குழுவில் ‘நெர்வ் பிளாக்’ (நரம்பை ஒட்டி மருந்து செலுத்தி வலியை நிறுத்துவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் பதில் இது.

> ஹார்ட் பிளாக்கை இதய அடைப்பு என்கிறோம். நெர்வ் பிளாக் நரம்பு அடைப்பு ஆகட்டும். எதற்கு இவ்வளவு நீள இழை?

ஐயா, சிக்கலே அந்த ஒப்புமையில்தான் இருக்கிறது. தமிழில் அடைப்பு என்றாலே கோளாறு. குடல் அடைப்பு, ரத்தக் குழாய் அடைப்பு, மூக்கடைப்பு எல்லாம் தானாக வந்து தொல்லை கொடுப்பவை. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த பாட்டிக்கு ‘நரம்பு அடைப்பு செய்யப்படும்’ என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடித்துக் கொடுத்தால், கையெழுத்துப் போட வந்த மகன் ‘அடைப்பு வேற இருக்கா டாக்டர்?’ என்றுதான் கேட்பார். நான் மயக்கவியல் மருத்துவன். அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டியவன் என்பதால் இந்தச் சொல்லில் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறேன்.

மருத்துவத் துறை சாராதவர்களுக்காக, என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டுப் பக்கம் முறிந்தவர்கள் அசையாமல் படுத்திருக்கும்வரை வலியை ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போது, பெட்பேன் வைக்கும்போது, அறுவைக்கு முன் முதுகில் ஊசி போட ஒருக்களிக்கவோ உட்கார வைக்கவோ முயலும்போது அலறிவிடுவார்கள். மார்பின் வகை மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் வயதானவர்களுக்கு வாந்தி, மலச்சிக்கல், மூச்சு மந்தம், புத்தித் தடுமாற்றம் என்று ஒவ்வொன்றாக வரும். அதனால் தொடை மடிப்பு அருகே அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, மூட்டிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளை ஒட்டி பூபிவக்கைன் அல்லது ரோபிவக்கைன் என்ற, அந்த இடத்தை மட்டும் உணர்விழக்கச் செய்யும் மருந்தைச் செலுத்துகிறோம். நரம்பிழையின் சோடியம் வாயில்களை மருந்து மூடிவிடுவதால் வலிச் செய்தி மூளைக்கு ஏறாது. சில மணி நேரம் கழித்து மருந்து கரைந்து போகும், நரம்பு பழையபடி ஆகிவிடும். 2020இல் வெளிவந்த காக்ரேன் மறு ஆய்வு (பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அறிக்கை), ஊசி போட்ட அரை மணிக்குள் அசையும்போதான வலி குறைகிறது என்றும், திடீர் மனக்குழப்பம் வருவது குறைகிறது என்றும் சொல்கிறது.

நாமே வேண்டுமென்று செய்வது, கொஞ்ச நேரமே இருப்பது, வலியைப் போக்குவது என்ற மூன்றும் சொல்லில் தெரிந்தால் நல்லது. எதுவும் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை, பயமுறுத்தாமல் இருந்தால் போதும்.

> மக்கள் மொழியில் ‘நரம்பு ஊசி’ என்று விட்டுவிடலாமே?

மக்கள் மொழியில் அந்த இடம் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது. தமிழ்நாட்டில் ‘நரம்பு ஊசி’ என்றால் சிரையில் போடும் ஊசி. ‘பாட்டிக்கு நரம்பே கிடைக்கல சிஸ்டர்’ என்று வார்டில் சொல்வது ரத்தக் குழாயைத்தான். பேச்சு வழக்கில் அதில் தவறு ஒன்றுமில்லை, காலங்காலமாக அப்படித்தான் புழங்குகிறது. ஆனால் இந்த மருந்து ரத்தக் குழாய்க்குள் போகவே கூடாது. பூபிவக்கைன் நேராக ரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். அதனால்தான் மருந்தைச் செலுத்துமுன் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறோம், கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறோம், அந்த நச்சுக்கு மாற்றாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். 45 கிலோ பாட்டிக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் 90 மில்லிகிராம்தான் எல்லை. 0.25 சதவீதக் கரைசலில் அது 36 மில்லி. 40 மில்லி தேவைப்படும் முறையென்றால் இன்னும் நீர்க்கச் செய்தாக வேண்டும். நரம்புத் தண்டுக்குள்ளும் ஊசி நுழையக் கூடாது, அருகில்தான் நிற்க வேண்டும். ஆக ‘நரம்பு ஊசி’ எந்தப் பொருளில் எடுத்தாலும், செய்யக் கூடாத ஒன்றைத்தான் சொல்கிறது.

‘நரம்புத் தடுப்பு’ எழுத்தில் நன்றாக இருக்கிறது. வார்டில் அதோடு ‘ஊசி’ ஒட்டிக்கொள்ளும், தடுப்பூசி ஆகிவிடும். ‘முடக்கம்’ கேட்டதும் முடக்குவாதம் நினைவுக்கு வரும், அதைப் பேசவே வேண்டாம்.

எனக்கு ஆசை காட்டிய சொல் ‘நரம்பு மறிப்பு’. சாலை மறியல் போல, சாலை அப்படியே இருக்கும், கொஞ்ச நேரம் வண்டிதான் போகாது. செயலுக்கும் பொருந்துகிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். றகரமும் ரகரமும் நம் பேச்சில் கலந்து வெகுகாலம் ஆயிற்று. அறுவை அரங்குக்குப் போகிற ஒருவர் காதில் ‘மரிப்பு’ விழுவதை நான் விரும்பவில்லை.

என் முன்மொழிவு: நரம்பு மரப்பு. ‘கால் மரத்துப் போச்சு’ என்று சொல்லாத தமிழர் இல்லை. பல் பிடுங்கப் போனவருக்கெல்லாம் ‘மரத்துப் போற ஊசி’ தெரியும். மரத்துப் போனது சரியாகிவிடும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> மரப்பு என்பது விளைவு. பிளாக் என்பது செயல். இரண்டையும் குழப்பலாமா?

நியாயமான கேள்வி, அம்மா. செயலைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மரப்பூட்டல்’ என்று எழுதலாம். பாடநூலில் ‘நரம்பு மரப்பூட்டல்’, படிவத்திலும் வாயிலும் ‘நரம்பு மரப்பு’. அப்படியும் விளைவின் பெயரால் செயலை அழைப்பது நமக்குப் புதிதில்லை, ‘மயக்கம் கொடுத்தாங்க’ என்கிறோமே. ‘மயக்கம்’ என்ற சொல்லை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. நோயாளி விழித்தே இருப்பார். பல நேரங்களில் இதற்குப் பிறகுதான் முதுகில் ஊசியோ முழு மயக்கமோ தருகிறோம். இது வலிக்கு, அது அறுவைக்கு.

இனி உட்பிரிவுகள். 1973இல் வின்னி என்ற மயக்கவியல் மருத்துவர் சொன்ன ‘ஒன்றில் மூன்று’ (ஒரே ஊசியில் மூன்று நரம்புகள்) முறைக்குத் தமிழ் தேடுவதில் நேரம் செலவழிக்க வேண்டாம், புழக்கம் குறைந்துவிட்டது. 1989இல் டாலென்ஸ் என்ற மருத்துவர் குழந்தைகளுக்காக விவரித்த ஃபேசியா இலியாகா (இடுப்பெலும்புத் தசையைப் போர்த்திய படலம்) முறைதான் இன்று முறிவு நோயாளிகளுக்குப் பரவலாகச் செய்யப்படுகிறது. அல்ட்ராசவுண்ட் இல்லாத இடத்திலும் செய்யலாம். மழுங்கிய முனை ஊசி முதலில் ஒரு படலத்தைத் துளைக்கும்போது விரலில் ஒரு சின்ன ‘டப்’, இரண்டாவது படலத்தில் இன்னொரு ‘டப்’. அதற்கடியில் 30, 40 மில்லி பரவவிட்டால் தொடை நரம்பு மரத்துவிடும். இதற்கு ‘இடுப்புப் படல மரப்பு’ என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். படலம் சரி, ‘இடுப்பு’தான் உறுத்துகிறது. நம் ஊரில் இடுப்பு வலி என்றால் முதுகின் கீழ்ப்பகுதி வலி, நோயாளி முதுகைத் திருப்பிக் காட்டுவார். ஊசி ஏறுவது தொடை மடிப்பில். ஆகவே ‘தொடைமடிப்புப் படல மரப்பு’ என்பேன். உடற்கூறியல் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நோயாளிக்கு இடம் புரியும்.

2018இல் டொரன்டோவிலிருந்து வந்த ‘பெங்’ முறை இன்னொரு வேடிக்கை. மூட்டுறையைச் சுற்றியுள்ள நரம்புத் தொகுதி என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. அதை எழுதியவர்களில் ஒருவரான பிலிப் பெங்கின் குடும்பப் பெயரும் அதுவே. இந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவர யாரும் முயல வேண்டாம். பாடநூலுக்கு ‘மூட்டுறைச் சூழ் நரம்பு மரப்பு’, பேச்சுக்கு ‘பெங்’. இடுப்பு மூட்டின் முன்னால் ஓடும் சோயாஸ் தசைநாணுக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 20 மில்லி மருந்துதான். மூட்டுறையின் முன்பக்கம் மட்டும் மரக்கும், தொடைத் தசையின் வலு பெரும்பாலும் தங்கும். மறுநாள் வாக்கர் பிடித்து நிற்க வைக்க அது உதவும். தோலில் கீறும் இடத்து வலியும் மூட்டின் பின்பக்க வலியும் இதில் அடங்காது. உணர்வு போவது மரப்பு, வலு போவது தளர்வு என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரு முறைகளின் வேறுபாட்டையும் தமிழிலேயே சொல்லிவிடலாம். ‘அடைப்பு’, ‘முடக்கம்’ இரண்டிலும் அது முடியாது.

— — —

வணக்கம் டொக்டர்.

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். மரப்பு எங்களுக்கும் விளங்கும், ஆனா வாயில வராது. எங்கட சனம் ‘விறைச்சுப் போச்சு’ எண்டுதான் சொல்லும். பல்லுக்குப் போடுறதும் விறைப்பூசிதான். கலைச்சொல் எண்டால் ரெண்டு கரைக்கும் பொதுவா இருக்க வேண்டாமோ?

— — —

வணக்கம் சகோதரி.

வேண்டும்தான். ஆனால் தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் வெடவெடவென்று நிமிர்ந்து நிற்பது. தொடை மடிப்புப் பக்கம் வைத்து அந்தச் சொல்லைச் சொன்னால் வார்டில் சிரிப்பை அடக்க முடியாது. பழைய சித்த மருத்துவச் சொல்லான ‘திமிர்’ கூட உணர்வு மங்குவதைக் குறித்ததுதான். இன்று ‘பாட்டிக்குத் திமிர் ஊசி’ என்றால் மருமகள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். கலைச்சொல் பட்டியலில் ‘நரம்பு மரப்பு’ இருக்கட்டும், உங்கள் மருத்துவமனைப் படிவங்களில் ‘நரம்பு விறைப்பு’ என்று போட்டுக்கொள்ளுங்கள். பட்டியலிலும் ஈழ வழக்கு என்று குறித்து இரண்டாவதாகச் சேர்த்துவிடலாம்.

படிவத்துக்கான வரிகள் இவை:

“வலியைக் குறைக்க, முறிந்த பக்கத்துத் தொடை மடிப்பில் நரம்பு மரப்பு செய்யப்படும். அப்போது நீங்கள் விழித்திருப்பீர்கள். சில மணி நேரத்துக்குத் தொடை மரத்திருக்கும், கால் தளர்ந்தும் இருக்கலாம். அதுவரை துணையில்லாமல் எழுந்து நிற்க வேண்டாம். ஊசி போடும்போது காதில் இரைச்சல், நாக்கில் மரப்பு, தலைசுற்றல் தோன்றினால் உடனே சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.”

‘நாக்கில் மரப்பு’ இங்கே நச்சு அறிகுறி, மேலே அதே சொல் சிகிச்சையின் பெயர். குழப்புமென்றால் ‘நாக்கு மதமதப்பு’ என்று மாற்றிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்துச் சொல்லுங்கள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.