பியூட் கவுண்டியில் காட்டுத்தீக்கு முன்னேற்பாடு: எதை முதலில் செய்வது?

கேள்வி:
வணக்கம். கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில், பாரடைஸ் ஊருக்கு அருகே மலையடிவாரத்தில் குடியேறியிருக்கிறோம். வயதான மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். காட்டுத்தீப் பருவத்துக்கு முன் எதை முதலில் செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
கவுண்டியின் அவசர எச்சரிக்கைச் சேவையில் வீட்டிலுள்ள அனைவரின் கைபேசி எண்களையும் இன்றே பதிவு செய்துவிடுங்கள். 2018 நவம்பர் 8 அன்று மூண்டு பாரடைஸ் ஊரை எரித்த ‘கேம்ப் ஃபயர்’ என்ற காட்டுத்தீயில் 85 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலருக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை என்பதோடு, ஊரைவிட்டு வெளியேறும் ஸ்கைவே சாலையில் வண்டிகள் நகர முடியாமல் திணறின என்பதால், வெளியேறச் சொல்லும் உத்தரவுக்குக் காத்திராமல் மாமியாரை முன்கூட்டியே அழைத்துச் சென்றுவிடுவதுதான் சரி என்பேன்.

மறுமொழி 2:
வீடுகளைப் பெரும்பாலும் பற்றவைப்பது காற்றில் பறந்துவரும் தணல்தான். கூரை ஓர மழைநீர்த் தகரத்தில் சேர்ந்திருக்கும் பைன் ஊசியிலைகளை அள்ளிவிடுங்கள். சுவரிலிருந்து 5 அடிக்குள் விறகோ, மரப்பட்டைத் துண்டுகளோ, காய்ந்த செடியோ வேண்டாம். பரணின் காற்றுத்துளைகளுக்கு 1/8 அங்குலக் கண்ணுள்ள உலோக வலையை அடியுங்கள்.

மறுமொழி 3:
பலத்த காற்று வீசும் நாட்களில், மின்கம்பிகளால் தீ மூளாமலிருக்க மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். அப்போது கராஜ் கதவு தானாகத் திறக்காது. மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்க மாமியாருக்கும் இப்போதே பழக்கிவிடுங்கள்.