அலாஸ்கா க்ரூஸ்: ஜூனோவில் நம் கப்பலோடு வேறு எந்தக் கப்பல்கள் நிற்கும் என்று முன்கூட்டியே பார்ப்பது எப்படி?

மழைக்காடு:

ஜூலை நடுவில் சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் ஏழு இரவுப் பயணம். ஜூனோ, ஸ்கேக்வே, கெச்சிக்கன், கடைசி இரவு விக்டோரியா. கூட வரும் அப்பா அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நடப்பார்கள், ஆனால் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் (ஜூனோவில் மலைக்கு ஏறும் ரோப்கார்) முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது.

கம்பெனி ஆப்பில் எங்கள் கப்பலின் நேரம் மட்டும்தான் இருக்கிறது. அதே நாளில் வேறு யார் வருகிறார்கள் என்று தேடினால் ஒரு தளம் ஜூனோவுக்கு நாலு கப்பல் என்கிறது, இன்னொன்று ஆறு என்கிறது. எதை நம்புவது? சரியான பட்டியல் கிடைத்தால் அதை வைத்து நாளை எப்படித் திட்டமிடுவது?

நங்கூரம்:

அலாஸ்காவுக்கு மட்டும் இது சுலபம். க்ரூஸ் லைன் ஏஜென்சீஸ் ஆஃப் அலாஸ்கா என்ற நிறுவனம்தான் அங்கே கப்பல்களுக்கு ஏஜென்ட் வேலை பார்க்கிறது. பெர்த் (கப்பலைக் கரையோடு கட்டும் இடம்) ஒதுக்கீட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் என்பதால் அவர்கள் தளத்தில் வரும் அட்டவணைதான் மூலம். துறைமுகம் வாரியாக, தேதி வாரியாக, கப்பல் பெயர், வரும் நேரம், கிளம்பும் நேரம், எந்த பெர்த் என்று எல்லாம் இருக்கும். மற்ற தளங்களில் பெர்த் விவரம் கிடைப்பது அபூர்வம்.

பார்க்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, வருடம். அடுத்த சீசன் அட்டவணையும் சீக்கிரமே ஏறிவிடும், தேடுபொறி பழைய வருடத்து பிடிஎஃப்பையும் மேலே தூக்கிக் கொடுக்கும். ஜூலை 15 என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிழமையைச் சரிபார்க்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் குழப்பம். இரண்டு, திருத்திய தேதி. அது ஆறு மாதம் பழையது என்றால் திரும்பவும் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று, நேரம். அட்டவணையில் இருப்பது அலாஸ்கா நேரம், சியாட்டிலுக்கு ஒரு மணி பின்னால். சில கப்பல்கள் உள்ளே கடிகாரத்தை மாற்றாமல் பசிபிக் நேரத்திலேயே ஓடும். உங்கள் கப்பல் எந்த வகை என்று அன்றைய தினசரி அறிவிப்புத் தாளில் பார்த்துவிட்டு இறங்குங்கள், திரும்ப ஏறும் நேரமும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

க்ரூஸ்மேப்பர், க்ரூஸ்டைம்டேபிள்ஸ், க்ரூஸ்டிக் மாதிரியான தளங்கள் உலகம் முழுக்கக் காட்டும். ஆனால் கம்பெனிகள் வெளியிடும் பயணத் திட்டத்திலிருந்து திரட்டியவை. ஒரு கம்பெனி கப்பலை மாற்றினால் புதுக் கப்பல் ஏறிவிடும், பழையது அழியாமல் நிற்கும். நாலு ஆறாவது பெரும்பாலும் இப்படித்தான். நூறு பேர் கூட ஏறாத எக்ஸ்பெடிஷன் கப்பலையும் ஒரு கப்பல் என்று எண்ணிவிடுவார்கள்.

மரைன்டிராஃபிக் போன்ற ஏஐஎஸ் வரைபடம் (கப்பல் அனுப்பும் சிக்னலை வைத்து இருப்பிடம் காட்டுவது) இதற்கு உதவாது. அது இப்போது கப்பல் எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும். முந்தைய இரவு யாராவது தாமதமாகிறார்களா என்று பார்க்கச் சரி.

விக்டோரியா கனடாவில் இருப்பதால் அதற்கு அந்த ஊர்த் துறைமுக ஆணையத்தின் பட்டியல் தனி. சியாட்டில் போர்ட்டும் தன் பட்டியலை வெளியிடுகிறது. உங்கள் கப்பல் பியர் 66-லா பியர் 91-லா என்று அதில் பார்த்துக்கொள்ளுங்கள், ஊபர்காரர் தப்பான இடத்தில் இறக்கிவிட்டால் பெட்டியோடு திண்டாட்டம்.

கரைக்கணக்கு:

நங்கூரம் சொன்ன இடம் சரி. ஆனால் கப்பல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். ஜூனோவில் 2024 சீசனிலிருந்து நாளுக்கு ஐந்து பெரிய கப்பல் என்று வரம்பு இருக்கிறது. 2026-லிருந்து ஆள் கணக்கிலும் வரம்பு: ஞாயிறு முதல் வெள்ளி வரை 16,000 லோயர் பெர்த், சனிக்கிழமை 12,000. ஊரில் குடியிருப்பவர்களே முப்பதாயிரம் சொச்சம்தான்.

இங்கே பெர்த் என்பது படுக்கை. லோயர் பெர்த் என்றால் கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கு. ஜூலையில் பள்ளி விடுமுறை, மூன்றாவது நாலாவது படுக்கையும் நிரம்பும். ஓவேஷன் ஆஃப் தி சீஸ் கணக்குப்படி 4,180 பேர், எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 4,905. ஆக, குடும்பங்கள் அதிகம் ஏறும் கப்பல் என்றால் லோயர் பெர்த்துக்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது ஒரே நேரத்தில் கரையில் எத்தனை பேர் என்பதை. உதாரணத்துக்கு எழுதுகிறேன் (நிஜ அட்டவணை இல்லை, கொள்ளளவு மட்டும் நிஜம்):

நார்வீஜியன் ப்ளிஸ், 4,004 பேர், காலை 6 முதல் 1:30
டிஸ்கவரி பிரின்சஸ், 3,660 பேர், காலை 11 முதல் இரவு 8
ஓவேஷன், 4,180 பேர், பகல் 12 முதல் இரவு 9
கோனிங்ஸ்டாம், 2,650 பேர், பகல் 1 முதல் இரவு 10

மொத்தம் 14,494. பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். உங்கள் கப்பல் டிஸ்கவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்குக் கரையில் ப்ளிஸ் ஆட்கள் மட்டும்தான், அவர்களும் கப்பல் கிளம்ப அரை மணிக்கு முன்னால் ஏறியாக வேண்டும் என்பதால் 12 மணிக்கெல்லாம் திரும்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஓவேஷன் ஆட்கள் இறங்கி, பஸ் பிடித்து, மெண்டன்ஹால் கிளேசியர் (பனியாறு) போய்ச் சேர ஒன்று, ஒன்றரை ஆகும். நடுவில் உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. கப்பல் கட்டியதும் நேராகக் கிளேசியர், கடைத்தெருவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் காபி குடித்துவிட்டு 2 மணிக்குக் கிளேசியர் போகிறவர் மூன்று கப்பல் கூட்டத்தில் மாட்டுவார்: 10,490 பேர்.

ஆகவே தாளில் நேரக்கோடு ஒன்று போடுங்கள். கப்பல் வரும் நேரத்தோடு முக்கால் மணி சேர்த்தால் அந்தக் கப்பல் கூட்டம் ஊருக்குள் வரும் நேரம். கிளம்பும் நேரத்தில் ஒன்றரை மணி கழித்தால் கூட்டம் கரையும் நேரம்.

மெண்டன்ஹால் ஊரிலிருந்து பன்னிரண்டு மைலுக்குச் சற்று மேல். பார்வையாளர் மையம் வரை ஆட்களை ஏற்றிப்போக டூர் பஸ்களுக்கு அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கும் வரம்பு உண்டு. ஊர் பஸ் கிளேசியருக்கு ஒன்றரை மைல் முன்பே இறக்கிவிடும், உங்கள் பெற்றோருக்கு அது வேண்டாம். நாலைந்து கப்பல் நிற்கும் நாளில் ஷட்டில் டிக்கெட்டை டாக்கில் வாங்கலாம் என்று விடாதீர்கள். போகும் வரிசையை விட திரும்பும் வரிசைதான் நீளம், அதைக் கணக்கில் எடுக்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மேல்தளம்:

கப்பல் எங்கே கட்டும் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. வயதானவர்களோடு போனால் கூட்டத்தை விட இதுதான் முக்கியம்னு சொல்வேன்.

ஜூனோவில் நாலு இடம் இருக்கு: அலாஸ்கா ஸ்டீம்ஷிப் டாக், க்ரூஸ் ஷிப் டெர்மினல், ஃப்ராங்க்ளின் டாக், ஏஜே டாக். முதல் மூணில் கட்டினா இறங்கியதும் ஊர், டிராம் ஏறும் இடமும் பக்கம்தான். ஏஜே தெற்கே தள்ளி, ஊருக்கு ஒரு மைல் பக்கம் வரும், ஷட்டிலுக்குக் காசு கொடுக்கணும். ஐந்தாவது கப்பல் கரையில் கட்டாம தண்ணீர் நடுவில் நங்கூரம் போடும். அட்டவணையில் உங்க கப்பலுக்கு எதிரே நங்கூரம்னு இருந்தா கரைக்குக் கொண்டுபோக டெண்டர்ங்கிற சின்னப் படகுதான். படிக்கட்டு ஆடும், சக்கர நாற்காலி சிரமம், முதல் ஒரு மணி நேரம் டிக்கெட் நம்பர் கொடுத்து உட்கார வைப்பாங்க. கம்பெனி எக்ஸ்கர்ஷன் எடுத்தவங்களைத்தான் முதல்ல இறக்குவாங்க, அதனால் டெண்டர் நாளில் மட்டும் கம்பெனி டூர் கொஞ்சம் விலை கூடினாலும் நியாயம்.

கெச்சிக்கன்: ஊருக்குள் நாலு பெர்த். அதுபோக வார்ட் கோவ்னு ஏழு மைல் வடக்கே இன்னொரு டாக், 2021-ல திறந்தது. நார்வீஜியன் கப்பல்கள் பெரும்பாலும் அங்கேதான். ஊருக்கு இலவச பஸ் உண்டு. பஸ்ஸில் மொத்தமா ஊருக்குள் கொட்டுவாங்க, அதனால் வார்ட் கோவ் கப்பலையும் ஊர்க் கூட்டத்தில் சேர்த்துக்கணும். உங்க கப்பலே அங்கே கட்டினா, திரும்ப ஏறும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னாடியே பஸ் வரிசைக்கு வந்துடுங்க, எல்லாரும் கடைசி நேரத்துல வருவாங்க.

ஸ்கேக்வே சின்ன ஊர், ஒரே ஒரு கடைத்தெரு. ரயில்ரோட் டாக் பக்கத்துல பாறை சரிஞ்சு 2022-ல முன்பக்க பெர்த்தை மூட வேண்டி வந்தது, அதிலிருந்து பெர்த் ஏற்பாடு மாறிக்கிட்டே இருக்கு. உங்க வருடத்து அட்டவணையை மட்டும் பாருங்க, பழைய வலைப்பதிவைப் படிச்சு முடிவு பண்ணாதீங்க. கூட்டம் அதிகமுள்ள நாள்னா ஒயிட் பாஸ் ரயில் டிக்கெட்டை முன்னாடியே எடுங்க. ரயில்ல போனா இரண்டரை மூணு மணி நேரம் உட்கார்ந்தே மலை பார்க்கலாம், ஊருக்குள் கூட்டம் இருந்தாலும் உங்களைத் தொடாது. எழுபது வயசுக்கு ஜூனோ கிளேசியரை விட இதுவே நல்லது என்பது என் கட்சி.

மழைக்காடு:

நன்றி, மூவருக்கும். அட்டவணை கிடைத்தது. எங்கள் கப்பல் ஜூனோவில் பகல் 12:30 முதல் இரவு 9:30. எங்களோடு மூன்று பெரிய கப்பல், அதில் ஒன்று 2 மணிக்குக் கிளம்புகிறது. பெர்த் ஏஜே என்று போட்டிருக்கிறது. இது கடைசி வரை மாறாமல் இருக்குமா? விக்டோரியாவில் மூன்று கப்பல் ஒரே இரவு, அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

நங்கூரம்:

தேதியும் கப்பலும் பெரும்பாலும் மாறாது. பெர்த் மாறும். காற்று பலமாக அடித்தால் கட்ட முடியாமல் நங்கூரத்துக்குப் போவதும், சில நேரம் துறைமுகத்தையே விட்டுவிடுவதும் உண்டு. கிளம்ப ஒரு மாதம் முன்னால் ஒருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை பாருங்கள், போதும். டாக்கில் சந்திக்கச் சொல்லும் தனியார் டூர்க்காரரிடம் கப்பல் பெயரைக் கொடுத்துவைத்தால் பெர்த் மாறினாலும் அவரே பார்த்துக்கொள்வார், டாக் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள்.

விக்டோரியாவில் கூட்டம் கூடுவதற்குக் காரணமே வேறு. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் (வேறு நாட்டில் பதிவானது) அமெரிக்காவில் ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும், 1886-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காகத்தான் எல்லோரும் கடைசி மாலையில் நாலைந்து மணி நேரம் எட்டிப் பார்க்கிறார்கள். புச்சார்ட் கார்டன்ஸ் என்ற பூந்தோட்டத்துக்குப் போக வரவே ஒன்றரை மணிக்கு மேல் போய்விடும். மூன்று கப்பல் இரவில் பெற்றோரோடு என்றால் கப்பலிலேயே இருங்கள், அந்த நேரம் பஃபே காலியாக இருக்கும்.

அப்பா அம்மா இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கரையில் இறங்காவிட்டாலும் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசா மட்டும் இருந்தால் சியாட்டிலில் ஏறும்போதே நிறுத்திவிடலாம். விசா வர வாரக்கணக்கில் ஆகும், இதை முதலில் முடியுங்கள்.

கரைக்கணக்கு:

உங்கள் ஜூனோ நேரத்துக்கு: 12:30-க்குக் கட்டினால் இறங்க 1:00, ஏஜேயிலிருந்து ஷட்டில் பிடித்து ஊர் சேர 1:30. அந்த நேரத்தில் கிளேசியர் போனால் மற்ற கப்பல்களின் அலையும் அங்கேதான். 2 மணிக் கப்பல் கிளம்பினாலும் மிச்சம் இரண்டும் உங்களோடு இருக்கும். முதலில் டிராம் அல்லது ஊர், கிளேசியருக்கு மாலை 4:30 அல்லது 5 மணி பஸ். ஜூலையில் ஜூனோவில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் பார்வைக்குக் குறையில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பார்வையாளர் மையம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மையம் மூடினால் கழிவறைக்கு அலைய வேண்டியிருக்கும்.