உதவி தேவை: த்ராட்டிலை மூடினாலும் ரேஸ் (இஞ்சின் சுற்றும் வேகம்) இறங்கவில்லை, பிஸ்டன் ஒருமுறை சிலிண்டரில் சிக்கிப் பிடித்துவிட்டது (ஆர்எக்ஸ் 135 சூப்பர்மோட்டோ)

கொருக்குப்பேட்டை 135:

வணக்கம். மூன்று மாதமாக ஒரே வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முழுதாகச் சொல்லிவிடுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

வண்டி சூப்பர்மோட்டோ, அதாவது மண் ரோட்டு வண்டிக்குத் தார் ரோட்டுச் சக்கரம் போட்டது. சேசிஸ் ஹீரோ இம்பல்ஸ். இஞ்சின் யமஹா ஆர்எக்ஸ் 135, ஐந்து கியர். முன்னால் இருந்த 19 அங்குல சக்கரத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் 17 போட்டேன். சிலிண்டர் போர் (உள்விட்டம்) 58.5 மில்லிமீட்டர், புது பிஸ்டன், மிகுனி 24 கார்ப்ரேட்டர், கையால் அடித்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் பருத்த டூ ஸ்ட்ரோக் சைலன்சர்). ஆயில் பம்பைக் கழற்றிவிட்டேன். லிட்டருக்கு 40 மில்லி ஆயில், நேராக பெட்ரோலில் கலந்துதான் ஓட்டுகிறேன். ரோட்டில் ஓட்டும் வண்டி இல்லை. குட்டி யானையில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் இறக்குவதோடு சரி.

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. சூடு ஏறியதும் த்ராட்டிலை மூடினால் ரேஸ் நாலாயிரத்தில் தொங்குகிறது. நாலைந்து விநாடி கழித்துத்தான் இறங்குகிறது. பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல வண்டி முன்னால் போகிறது. போன முறை நாலாவது சுற்றில், நேர் ரோட்டின் முடிவில் த்ராட்டிலை மூடிய அதே நொடியில் பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. விரல் கிளட்ச் மேலேயே இருந்ததால் விழவில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு கோடாகத் தேய்ந்திருக்கிறது, மற்ற பக்கம் சுத்தம். சிலிண்டரின் உள்சுவரை ஹோன் செய்து (தேய்த்துச் சீராக்கி) வேறு பிஸ்டன் போட்டேன். கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை மூன்று முறை பெரிதாக்கியும் பிளக் வெள்ளையாகவே (பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம்) வருகிறது. ஐடில் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்தாலும் இஞ்சின் நிற்காமல் ஓடுகிறது.

இன்னொன்று. கனெக்டிங் ராடு மாற்ற கிராங்கை (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டை) ஒரு லேத்தில் கொடுத்திருந்தேன். வேலை முடிந்த பிறகு காசிமேட்டில் நண்பன் கடையில் இரண்டு மாதம் பேப்பரில் சுற்றிக் கிடந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

எண்ணூர் கடற்காற்று:

ஆயில் குறைவு ப்ரோ. லிட்டருக்கு 50 மில்லி ஊற்றுங்கள், ஜெட்டை இன்னும் ஒரு நம்பர் ஏற்றுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பெரம்பூர் பட்டறை:

தம்பி, ஆயிலையும் ஜெட்டையும் இப்போது தொடாதீர்கள். ஆயிலைக் கூட்டினால் ஒவ்வொரு லிட்டரிலும் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவையும் கெட்டியாகிறது. அதே ஜெட்டுக்குள் எரிவதற்குப் போவது இன்னும் கொஞ்சம் குறையும். காற்று அதிகமாகி வந்த நோய்க்கு அது மருந்தாகாது.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது ஐடில் ஸ்க்ரூ. அதை முழுக்க எடுத்த பிறகும் இஞ்சின் ஓடுகிறது என்றால் கார்ப்ரேட்டர் வழியாக வராத காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் (கிராங்க் சுற்றும் கீழ் அறையும்) ஒரு பம்ப்தான். பிஸ்டன் மேலே போகும்போது கீழே உறிஞ்சும். எந்த ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியாகவும் உறிஞ்சும்.

மெயின் ஜெட் முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான் முழுதாக வேலை செய்யும். கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்குக் கீழே ஸ்லைடின் வெட்டு, ஐடிலில் பைலட் ஜெட். கசியும் ஓட்டையோ எப்போதும் ஒரே அளவுதான். முழுத் த்ராட்டிலில் 24 மில்லிமீட்டர் வாய் திறந்திருக்கும்போது அந்தக் கசிவு சின்னப் பங்கு. மூடியதும் அதுவே பெரும் பங்காகிவிடும். அதனால்தான் மூடிய நொடியில் உங்கள் இஞ்சின் வறண்டு, அதாவது காற்று கூடிப் பெட்ரோலும் ஆயிலும் போதாமல், பிடித்திருக்கிறது. நாலு மூலையிலும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் இடைவெளி போதவில்லை என்று போர் போட்டவரைக் கேட்டிருப்பேன். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்பதால் இது வறட்சி, சூடு.

சரி, கண்டுபிடிக்கும் வழி. வீட்டில் கையால் அமுக்கும் பழைய பிபி கருவி இருக்கிறதா? முள் காட்டும் வகை வேண்டும். அதன் கடைசிக் கோடு 300. அது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. கிராங்க் கேஸில் கசிவு பார்க்க 6 பிஎஸ்ஐதான் வழக்கம், ஆகவே அந்தக் கருவி அப்படியே பொருந்தும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து, மேலே தகடு போட்டு இறுக்குங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்துங்கள், அப்போதுதான் மேலும் கீழும் ஒரே அறையாகும். கார்ப்ரேட்டரைக் கழற்றி, அது மாட்டியிருந்த ரப்பர் குழாயில் (மேனிஃபோல்டில்) ஓட்டை போட்ட ஒரு கட்டையைச் செருகி, அந்த ஓட்டை வழியாகக் கருவியால் காற்றடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து அடிக்கக்கூடாது. அப்படி அடித்தால் ரீட் வால்வு (காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழிக் கதவு) மூடிக்கொண்டு மேனிஃபோல்டில் இருக்கும் கசிவை மறைத்துவிடும்.

300க்கு ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். 250க்கு மேல் நின்றால் பயமில்லை. இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக்கொண்டே போங்கள்: ஹெட், சிலிண்டர் அடி பாக்கிங், மேனிஃபோல்டு, கேஸ் சேரும் கோடு, மேக்னெட்டுக்கு (கிராங்க் முனையில் மின்சாரம் தரும் காந்தச் சக்கரத்துக்கு) பின்னால். கிராங்கின் இரண்டு முனையிலும் காற்றைத் தடுக்கும் ரப்பர் சீல் இருக்கும். அதில் கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உள்ளே குமிழ் விடும் சத்தம் கேட்கும். அது கெட்டால் வெள்ளைப் புகையும் வரும், கியர் ஆயிலும் குறையும். அந்த இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை. என் சந்தேகம் மேக்னெட் பக்கம்.

மணலி எம்எக்ஸ்:

அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். இப்போது பங்கில் வருவது இ20. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் எத்தனால் கலந்ததை அந்தக் காலத்து ஜெட்டில் ஓட்டினால் கொஞ்சம் வறட்சியாகத்தான் ஓடும். பழைய ரப்பரையும் அது கெடுக்கும், நம் பக்கத்து ஈரக் காற்றில் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். டிராக்கிலிருந்து திரும்பியதும் டேங்கையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். ஆனால் ரேஸ் தொங்குவதற்கு இது மட்டும் காரணமாகாது. முதலில் கசிவு.

கொருக்குப்பேட்டை 135:

அண்ணா, நேற்று ராத்திரி அப்பாவின் பிபி கருவியை எடுத்துச் செய்து பார்த்தேன். 300க்கு ஏற்றிக் கையை எடுத்தால் ஒரு நிமிடம் ஆவதற்குள் 120. ஹெட்டில் ஒன்றுமில்லை, மேனிஃபோல்டில் ஒன்றுமில்லை. மேக்னெட்டைக் கழற்றிச் சோப்பு நீர் விட்டதும், கிராங்க் வெளியே வரும் இடத்தில் கீழ்ப்பக்கமாக ஒரே இடத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது. மணி மணியாக, நிற்கவே இல்லை. அந்த இடத்தைச் சுற்றி ஏற்கெனவே ஆயில் படிந்து ஈரமாக இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

சீலை எடுத்துப் பார்த்தேன், சீல் புதிது. ஆனால் அதன் உதடு உட்காரும் இடத்தில் கிராங்கில் துரு தின்ற புள்ளிகள். நகத்தால் வருடினால் மாட்டுகிறது. காசிமேட்டு உப்புக்காற்றில் கிடந்த இரண்டு மாதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எமரி போட்டுத் தேய்த்துவிடலாமா, இல்லை கிராங்கையே மாற்ற வேண்டுமா?

பெரம்பூர் பட்டறை:

எமரி வேண்டாம். குழி போகும் வரை தேய்த்தால் அந்த இடத்தில் விட்டம் குறைந்து, சீல் இன்னும் தளர்ந்துதான் உட்காரும்.

துரு ஒரு கோட்டளவுதானா, இல்லை அகலமாகப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோடு என்றால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளி உட்கார வைத்து, உதடு நல்ல இரும்பின் மேல் படும்படி செய்யலாம். பரவியிருந்தால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் (உறை) ஏற்ற வேண்டும். அம்பத்தூரில் கேட்டால் செய்து தருவார்கள்.

அதற்கு முன்னால் கிராங்கை டயல் கேஜில் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவியில்) வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆடும் கிராங்க் எந்த சீலையும் தின்றுவிடும். கேஸைப் பிரித்த கையோடு இரண்டு சீலையும் மாற்றுங்கள். உதட்டில் கிரீஸ் தடவுங்கள், கிராங்கில் மேக்னெட்டைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளத்தின் மேல் டேப் சுற்றிவிட்டு ஏற்றுங்கள். அந்தக் கூர்மையில் உரசித்தான் பாதி சீல் கிழிகிறது.

சோழவரம் பழையவன்:

தம்பி, ஓட்டும் முறை பற்றி ஒன்று சொல்லட்டுமா. எங்கள் ஊர் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே டூ ஸ்ட்ரோக் ஓட்டுபவர்கள் நீளமான நேர் ரோட்டின் முடிவில் சும்மா மூடிவிட்டு வரமாட்டார்கள். பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. மூடினால் இரண்டும் நிற்கும், இஞ்சினோ உச்ச வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்சைப் பிடித்து இரண்டு முறை லேசாக முறுக்கி விடுவார்கள், உள்ளே ஈரம் போகும். சீல் சரியானாலும் இந்தப் பழக்கம் இருக்கட்டும். 1990இல் டிராக் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகும் இதை நான் பார்த்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை 135:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கிராங்க் ஆட்டம் 0.02, தப்பித்தது. துரு பரவியிருந்ததால் ஸ்லீவ் ஏற்றினேன். இரண்டு சீலும் புதிது. மறுபடி 300க்கு ஏற்றினேன், ஒரு நிமிடம் கழித்து 285. ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் நின்றுபோனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஐடில் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே விட்ட பிறகுதான் அணையாமல் ஓடியது.

ஏற்றி வைத்த ஜெட் இப்போது அதிகமாகிவிட்டது. உச்ச வேகத்தில் இஞ்சின் விட்டு விட்டு வெடித்தது. மூன்றாவது கியரில் முழுத் த்ராட்டில் வைத்து, அப்படியே கிளட்சைப் பிடித்து இஞ்சினை அணைத்து, ஓரம் கட்டி பிளக்கைப் பார்த்தேன். கறுப்பு. ஒரு நம்பர் இறக்கினேன், இன்னும் கறுப்பு. இன்னொன்று இறக்கியதும் பீங்கானின் அடிவேரில் காபித் தூள் நிறத்தில் ஒரு வளையம். இ20 என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன், மேலும் இறக்கவில்லை. ஆயில் அதே 40 மில்லி.

ஞாயிற்றுக்கிழமை எட்டு சுற்று ஓட்டினேன். மூடினால் ரேஸ் உடனே விழுகிறது. வளைவுக்குள் பின்சக்கரத்தை லேசாகச் சறுக்க விட்டுக்கூட நுழைய முடிகிறது, இவ்வளவு நாள் அதற்குத் தைரியமே வரவில்லை. சோழவரம் சார் சொன்னபடி கிளட்ச் பிடித்து முறுக்கிவிட்டுத்தான் பிரேக் பிடிக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. நேராகப் போகும்போது ஹேண்டில் கொஞ்சம் நிலையில்லாமல் இருக்கிறது.

பெரம்பூர் பட்டறை:

19ஐ எடுத்து 17 போட்டதால் முன்பக்கம் சுமார் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், ஃபோர்க் நிமிர்ந்து, ஹேண்டிலை நேராக வைத்திருக்கும் டிரெயில் (ஃபோர்க் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைந்திருக்கும். ஃபோர்க் குழாய் மேல் கிளாம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் சமமாகும் வரை கீழே இறக்குங்கள். போதாவிட்டால் பின்பக்கத்தையும் அதே அளவு தாழ்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து மில்லிமீட்டர்தான் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம், எட்டு சுற்று ஓடிய சூட்டுக்கு ஹெட் நட்டுகள் தளர்ந்திருக்கும். இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு இறுக்கிவிட்டு, இன்னொரு முறை காற்றடித்துப் பாருங்கள்.