கதவு நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே விழும் இடைவெளி: எதை வைத்து அடைப்பது?

கேள்வி (கோயம்புத்தூர்)

வணக்கம். எங்கள் வீடு கட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. செங்கல் சுவர், நாட்டு வேம்பில் செய்த நிலைகள். படுக்கையறைக் கதவுகளைச் சுற்றி, மரமும் பூச்சும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக விரிசல் விழுந்திருக்கிறது. சில இடங்களில் அது மயிரிழை அளவுதான். ஆனால் ஓர் அறையில் கீல் பக்கத்தில் 5 மி.மீ. வரை வாய் திறந்திருக்கிறது. பெயிண்டர் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வண்ணமும் பூசிக் கொடுத்தார். அடுத்த கோடையிலேயே பட்டி பாளம் பாளமாக உதிர்ந்துவிட்டது. பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து மறைத்துவிடலாம் என்கிறார் ஆசாரி. சிலிக்கான் போதும் என்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர். குளியலறை நிலையின் அடியிலும் இதே இடைவெளி இருக்கிறது. மறுபடி வண்ணம் பூசுவதற்கு முன் எதைச் செய்வது சரி என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கட்டுமானப் பொறியாளர்)

வணக்கம் ஐயா. மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். செங்கல்லும் சிமெண்டும் அந்த அளவுக்கு அசைவதில்லை. போதாததற்கு, புதுப் பூச்சும் காயும்போது தன் பங்குக்குச் சற்றுச் சுருங்குகிறது. ஆகவே இவ்விரண்டும் சேரும் கோடு ஆண்டு முழுவதும் திறந்து மூடிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பு. சிமெண்ட் கலந்த பட்டி இறுகியபின் துளியும் நீளாது என்பதால், அதை எத்தனை முறை வைத்தாலும் மரம் விலகும்போது வெடிக்கத்தான் செய்யும். பெயிண்டரின் கைவேலையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

மெல்லிய விரிசல்களுக்கு, வண்ணம் பூசக்கூடிய அக்ரிலிக் சீலண்ட் (காய்ந்தபின்னும் நீண்டு கொடுக்கும் அடைப்புப் பசை) ஏற்றது. சாதாரண சிலிக்கானின் மேல் வண்ணம் ஒட்டாது. படுக்கையறையில் அதைத் தவிர்த்துவிடுங்கள். முதலில் பழைய பட்டியை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வெறும் மரம் தெரியும் இடங்களில் பிரைமர் அடியுங்கள். தூசியின் மேல் வைக்கும் சீலண்ட் தூசியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும் என்பதால், இந்த வேலையில் பாதி சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிச் சீலண்டைச் செலுத்தி, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, மேல்தோல் கட்டும் முன்பே டேப்பை எடுத்துவிட வேண்டும். அக்ரிலிக்கில் உள்ள நீர் ஆவியாகும்போது அது சற்று உள்வாங்கும். மறுநாள் பள்ளம் தெரிந்தால் இன்னொரு கோடு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 5 மி.மீ. விரிசலை இப்படி மூட அவசரப்படாதீர்கள். கதவை ஒருவர் வேகமாகச் சாத்தும்போது அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். நிலை அதிர்ந்தால், நிலையைச் சுவரோடு பிணைக்க உள்ளே பதித்திருக்கும் ஹோல்டுபாஸ்ட் என்ற இரும்புப் பட்டை பிடி விட்டிருக்கிறது என்று பொருள். மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஏறினால் அது நிலையைப் பற்றிய பிரச்சினையே அல்ல. பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.

மறுமொழி 2 (மரவேலை செய்பவர்)

பொறியாளர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். பீடிங்கை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். பூச்சு விளிம்பு சிதைந்து கோணல்மாணலாக இருக்கும் இடத்தில் சீலண்ட் கோடு எவ்வளவு நேர்த்தியாக இழுத்தாலும் கண்ணுக்கு உறுத்தும். அங்கே உள்ளே சீலண்ட் வைத்து, மேலே பீடிங் அடிப்பதே அழகு. ஆணியை நிலையில் மட்டும் அடிக்க வேண்டும். சுவரிலும் சேர்த்து அடித்தால், மரம் அசையும்போது பீடிங் பிளந்துபோகும். சீலண்ட் வைக்காமல் வெறுமனே மறைத்தால், அந்தச் சந்து கரப்பான்பூச்சிக்கு நிரந்தரக் குடியிருப்பு.

பச்சை வேம்பில் நிலை செய்திருந்தாலும், நான்கு ஆண்டுகளில் பெரும்பாலான சுருக்கம் முடிந்திருக்கும்; இனி வருவது பருவத்துக்கேற்ற அசைவுதான். எனவே விரிசல் அதிகம் விரிந்திருக்கும் மார்ச், ஏப்ரலில் அடையுங்கள். ஐப்பசி மழையில் மரம் உப்பியிருக்கும்போது அடைத்தால், கோடையில் சீலண்ட் அளவுக்கு மீறி இழுபட்டு ஒரு பக்கம் பிரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அந்த ஒரு நிலை மட்டும் அதிரத்தான் செய்கிறது. நடு ஹோல்டுபாஸ்ட் இருக்கும் இடத்தில் பூச்சைத் தட்டினால் பொக்கைச் சத்தம் வருகிறது. உப்பிப் பெருகும் பாலியூரித்தேன் நுரையை உள்ளே அடித்துவிட்டால் போதுமா?

மறுமொழி 3 (வீடு புதுப்பிப்புப் பணி மேற்பார்வையாளர்)

போதாது. நுரை வெற்றிடத்தை நிரப்புமே தவிர, கதவின் எடையைத் தாங்கும் ஹோல்டுபாஸ்ட்டுக்கு மாற்றாகாது. மேலும், அளவு மீறி அடித்தால் உப்பும் வேகத்தில் நிலைக்காலை உள்ளே தள்ளி, கதவு சாத்த முடியாமல் இடிக்கும்.

பொக்கையான பூச்சைக் கொத்தி எடுத்து, ஹோல்டுபாஸ்ட்டைச் சுற்றியுள்ள உதிரியை நீக்கி, நன்றாக நனைத்து, சிறுஜல்லி போட்ட 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டை இறுக்கி அடையுங்கள். அதற்கு முன் தூக்குக்குண்டு வைத்து நிலை நேராக நிற்கிறதா என்று பார்த்து, ஆப்பு வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். கான்கிரீட் இறுகும்வரை ஒரு வாரமாவது அந்தக் கதவை ஆட்டாமல், அந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர் காட்ட வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் அதற்கு அடுத்தது. மறுபூச்சுப் பூசும் கொத்தனார் வழக்கம்போல் மரத்தோடு ஒட்டி இழைத்துவிடுவார். அங்கே மீண்டும் விரிசல் விழுவது உறுதி. 6 மி.மீ. கனமுள்ள ஒரு பட்டையை நிலையோடு சேர்த்து நிறுத்திப் பூசச் சொல்லி, பிறகு உருவி எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் காடிக்குள் அதைவிடச் சற்றுப் பருத்த நுரைக்கயிற்றை (பேக்கர் ராட்) திணித்து, மேலே சீலண்ட் வையுங்கள். சீலண்ட் மரத்தையும் பூச்சையும் மட்டும் பிடித்துக்கொண்டு, அடியில் எதிலும் ஒட்டாமல் இருந்தால்தான் தாராளமாக நீளும்.

குளியலறை நிலையின் அடியில் முதலில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. மண்கோடு தெரிந்தால் கறையான். இரண்டில் எது இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் இடைவெளியை மூடுவது, உள்ளே நடப்பதை மறைப்பதாகவே முடியும். மரம் உறுதியாக இருந்தால், நன்கு உலரவிட்டு, வண்ணத்தை முதலில் பூசி முடித்து, கடைசியாகப் பூஞ்சை எதிர்ப்புள்ள சிலிக்கானை அங்கே வையுங்கள். கடைக்காரர் சொன்ன சிலிக்கானுக்கு உங்கள் வீட்டில் ஏற்ற இடம் அது ஒன்றுதான்.