மெஷின் வாள் மரத்துல மாட்டிக்கிச்சு, எப்படி எடுக்கிறது? அவசரம்

தோப்புவீடு: போன வாரம் அடிச்ச காத்துல மாமரம் சாஞ்சிடுச்சு. துண்டு போடலாம்னு புது மெஷின் வாங்கி இன்னிக்குத்தான் இறங்கினேன். பாதி அறுத்ததும் மரம் வாளைக் கவ்விக்கிச்சு. ஆக்சிலேட்டர் குடுத்தா செயின் ஓடல, புகை வருது. இழுத்தா அசையல. சீக்கிரம் சொல்லுங்க, ஆளுங்க நிக்கிறாங்க.

கரிசல்மண்: பெட்ரோலா கரண்டா? பார், அதான் செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு, எத்தனை இஞ்ச்? போட்டோ இருந்தா போடுங்க.

பட்டறை_சேலம்: முதல்ல இஞ்சினை ஆஃப் பண்ணுங்க. செயின் நிக்கிறப்ப ஆக்சிலேட்டர் குடுத்தா கிளட்ச் வழுக்கிச் சூடேறும். அந்தப் புகை அதுதான். ரெண்டு நிமிஷம் அப்படியே முறுக்கினா கிளட்ச் போயிடும்.

அரம்பிடிச்சவன்: செயின் மொட்டையா இருக்கும்ங்க. தூள் எப்படி விழுந்துச்சு? சீவல் மாதிரி விழுந்தா கூர் இருக்கு, மாவு மாதிரி விழுந்தா மொட்டை. மண்ணுல ஒரு தடவை பட்டாலே போதும், புது செயினும் போயிடும். 0.325 இஞ்ச் அளவு செயினா இருந்தா 4.8 மி.மீ. உருண்டை அரம் வாங்கி, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை தீட்டுங்க.

மூத்தவிவசாயி: மாட்டினதுக்கும் கூருக்கும் சம்பந்தமே இல்ல. மரம் எப்படிக் கிடக்குதுன்னு சொல்லாம கேள்வி கேட்டா யார் என்ன சொல்றது? மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி கத்துக்க வேண்டிய விஷயம் இது. ரெண்டு முனையும் ஊனி நடு அந்தரத்துல நின்னா மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் விரியும். மேல மூணுல ஒரு பங்கு அறுத்து நிறுத்திட்டு, மீதியை அடியில இருந்து அறுக்கணும். ஒரு முனை மட்டும் தொங்கினா அதுக்கு நேர்மாறு. நீங்க மேல இருந்து பாதிக்கு மேல போயிருப்பீங்க.

பட்டறை_சேலம்: சரிதான் ஐயா. ஒண்ணு சேர்த்துக்கிறேன். அடியில இருந்து அறுக்கிறப்ப செயின் மெஷினை நம்ம மேலயே தள்ளும், கால் ஊனி நிக்கணும். பார் நுனியோட மேல் பாதி எதுலயும் படக் கூடாது. பட்டா மெஷின் துள்ளி முகத்துக்கு வரும்.

தோப்புவீடு: 58 சிசி பெட்ரோல், 22 இஞ்ச். ஆமா, மேல இருந்துதான் அறுத்தேன். அந்தப் பக்கம் கிளை ஊனி நிக்குது, நடுவுல தரையில படல. இந்தப் பக்கம் வேர் பாதி மண்ணுலதான் இருக்கு. அறுத்த இடம் தூர்ல இருந்து 5 அடி.

பேராவூரணித்தம்பி: அண்ணே, அந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். வேர் பெயர்ந்து நிக்கிற மரத்துல, தண்டு அறுந்து பாரம் போன உடனே தூர் மண்ணோட சடார்னு நிமிரும். அறுக்கிறவனையும் அடிக்கும், குழிப் பக்கம் நிக்கிறவனையும் அமுக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் எங்க பக்கம் மாசக்கணக்கா இதே வேலை. குழிக்குள்ள ஒருத்தரையும் விடாதீங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா வீட்டுக்கு அனுப்புங்க.

வாளை எடுக்க: இஞ்சின் ஆஃப். அறுத்த இடத்துக்குக் கிட்ட அடியில ஜாக்கி வச்சு மெதுவாத் தூக்குங்க, கூடவே கட்டை முட்டுக் குடுத்துக்கிட்டே வாங்க. வெட்டு லேசாத் திறந்ததும் மர ஆப்பு அடிங்க. இரும்பு ஆப்பு வேண்டாம், செயின்ல பட்டா பல்லு போயிடும். அப்பவும் வரலைன்னா பார் நட்டு ரெண்டையும் கழட்டி மெஷினை மட்டும் எடுத்துடுங்க. பாரும் செயினும் மரத்துலயே இருக்கட்டும்.

கரிசல்மண்: பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு கலந்தீங்க? லிட்டருக்கு 40 மில்லி ஊத்தலைன்னா புது இஞ்சின் ஜாமாகிடும்.

மூத்தவிவசாயி: யார் சொன்னது? நல்ல 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயில்) 20 மில்லி போதும். 40 ஊத்தினா பிளக் கரி பிடிக்கும்.

கரிசல்மண்: எங்க கடைக்காரர் 40 தான் சொன்னார். 4 வருஷமா ஓடுது.

பட்டறை_சேலம்: மெஷினோட வந்த புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு, சில மெஷினுக்கு 1:25 (லிட்டருக்கு 40 மில்லி), சிலதுக்கு 1:50 (20 மில்லி). செயின் ஆயில் டேங்க் தனி. அதுல கழிவு ஆயில் ஊத்தாதீங்க, அதுல இருக்கிற இரும்புத் துகள் பம்பை அரிச்சிடும்.

அரம்பிடிச்சவன்: நானும் கழிவு ஆயில்தான் ஊத்துறேன், ஒண்ணும் ஆகலையே.

பேராவூரணித்தம்பி: ஆயிலை அப்புறம் பேசலாம்ங்க, அங்க ஆளுங்க மரத்துக்கிட்ட நிக்கிறாங்க. அண்ணே, கைலி, துண்டோட நிக்காதீங்க. பேண்ட், ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி வேணும். அந்த மீதி அறுப்பை நீங்க அறுக்க வேண்டாம். தூரை ரோப்பால பின்னாடி இழுத்துக் கட்டிட்டு, பழகின ஆளை வச்சு அறுங்க. கரண்டு கம்பி கிட்ட இருக்கா?

தோப்புவீடு: வாள் வந்துடுச்சு. ஜாக்கி வச்சுத்தான் எடுத்தோம். பார் லேசா வளைஞ்சிருக்கு. கம்பி இல்ல. மீதிக்கு நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன். நன்றி.

பேராவூரணித்தம்பி: நல்லது அண்ணே. தூரைக் கட்டிட்டீங்களா? ராத்திரி ஆடு மாடு அந்தக் குழிப் பக்கம் போகாம அடைச்சு வைங்க.