காக்கா ஆழி: மாதிரி எடுத்து மியூசியத்தில் சேர்த்தால் ஆதாரமாக நிற்குமா?

எண்ணூர்_கழி:
எண்ணூர் பக்கம் கொசஸ்தலையாற்றில், வெளிநாட்டிலிருந்து வந்த காக்கா ஆழி என்கிற சிப்பி பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. கையால் தடவி இறால் பிடிக்கிற இடமெல்லாம் ஓடு. போட்டோவோடு மனு கொடுத்தால், "பச்சை ஆழிதானே (நம்ம ஊர்ச் சிப்பி), எப்பவும் இருக்கிறதுதானே" என்று பதில் வருகிறது. மாதிரியை எதில் போட்டு, யாரிடம் கொடுக்க வேண்டும்?

சிப்பிப்பெட்டி:
நிற்கும், லேபிள் இருந்தால். லேபிள் இல்லாத சிப்பி வெறும் ஓடுதான்.

நிறத்தை நம்பாதீர்கள். காக்கா ஆழி கருப்பு, பழுப்பு, பச்சை எல்லா நிறத்திலும் வரும். ஓட்டைத் திறந்து பாருங்கள்: கூர்முனைப் பக்கம் ஓட்டை இழுத்து மூடுகிற சின்னத் தசை ஒன்று இதற்கு உண்டு, பச்சை ஆழிக்குக் கிடையாது. அதைச் சதையோடு காட்டினால்தான் வாதம் முடியும். அதனால் காலி ஓடு மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

ஒரு இடத்துக்குச் சிறிசும் பெரிசுமாக 10 உருப்படி போதும். மூடிய ஓட்டுக்குள் ஸ்பிரிட் இறங்காது, உள்ளே சதை அழுகிவிடும். ஓட்டின் இடுக்கில் தீக்குச்சித் துண்டு செருகிவிட்டு 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். சதை ஒரு பங்கு என்றால் எத்தனால் மூன்று பங்காவது வேண்டும். உடம்பிலிருந்து நீர் இறங்கி எத்தனாலை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

லேபிளை கெட்டித்தாளில் பென்சிலால் எழுதி ஜாடிக்கு *உள்ளே* போடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்து ஓடிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 4/5 என்றால் ஏப்ரலா மேயா என்று பிறகு யாருக்கும் தெரியாது. இடம், ஜிபிஎஸ், ஆழம், ஏத்தமா வத்தமா (தண்ணீர் ஏறும் நேரமா இறங்கும் நேரமா), சேறா கல்லா, எடுத்தவர் பெயர், ஊரில் சொல்லும் பெயர். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.

எண்ணூர்_கழி:
எத்தனால் கிடைக்கவில்லை. ஃபார்மலின் போதுமா?

சிப்பிப்பெட்டி:
வேண்டாம். டிஎன்ஏ கெட்டுப்போகும், அமிலமான ஃபார்மலின் ஓட்டையும் அரிக்கும். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் கேளுங்கள். கிடைக்கும்வரை ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

சதுரச்சட்டம்:
ஜாடி காட்டுவது "இருக்கிறது" என்பதை மட்டும். "எவ்வளவு" என்பதற்கு எண்ண வேண்டும். 25 செ.மீ. பக்கமுள்ள பிவிசி குழாய்ச் சட்டம் ஒன்று போதும். அதற்குள் உள்ளதை எண்ணி 16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கணக்கு. கொத்து அடர்ந்த இடமாகப் பார்த்து வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கயிறு கட்டி 10 மீட்டருக்கு ஒன்று என்று வையுங்கள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் 0 என்று எழுதுங்கள். அந்த 0 இருந்தால்தான் அடுத்த வருஷம் பரவலைக் காட்ட முடியும்.

எண்ணி முடித்த கொத்தைத் திரும்ப ஆற்றில் வீசாதீர்கள், நார் விட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். கரையேற்றிக் காயப்போடுங்கள். கடல்குதிரை, கடல் அட்டை மாட்டினால் போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும்.

பழைய_ஜாடி:
சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி மாதிரிகளை வைத்துக் காக்க நியமிக்கப்பட்ட நிறுவனம் அது. முதலில் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். திரும்பும்போது பதிவு எண் கையில் இருக்க வேண்டும். மனுவில் அந்த எண்ணைப் போடுங்கள், ஊரில் உள்ள உயிரினங்களைப் பதிவு செய்யும் உள்ளூர் மக்கள் பல்லுயிர் பதிவேட்டிலும் ஏற்றச் சொல்லுங்கள். போட்டோ என்றால் அதிகாரிகள் தள்ளிவிடலாம், எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த ஜாடியைத் திறந்து சரிபார்க்கலாம்.

இன்னொன்று, எழும்பூர் மியூசியம் 1851-இல் தொடங்கியது. இந்தக் கரையின் பழைய சிப்பிகள் இருக்கின்றனவா என்று அங்கேயும் கேட்டுப் பாருங்கள். பதிவேட்டில் எண்ணூர் என்று மட்டும் தேடாமல் மெட்ராஸ், பழவேற்காடு, சோழமண்டலக் கரை என்றும் தேட வேண்டும். ஆனால் பழைய ஜாடிகளில் காக்கா ஆழி இல்லை என்பதை மட்டும் வைத்து, அன்றைக்கு ஆற்றிலும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். யாரும் எடுக்காமலே விட்டிருக்கலாம். அந்த ஜாடிகளில் அதே இடத்து மட்டி (சேற்றில் வாழும் நம்ம ஊர்ச் சிப்பி) இருந்தால், அன்றைக்கு அங்கே மட்டி இருந்தது என்பதற்கு அதை ஆதாரமாக முன்னால் வையுங்கள். இன்றைக்கு அங்கே அந்த பிவிசி சட்டத்தை வைத்து எத்தனை மட்டி வருகிறது என்று பாருங்கள்.