கிரெடிட் ரிப்போர்ட்டில் தம்பியின் கார் லோன்: எப்படி நீக்க வைப்பது?

நியூஜெர்சிக்காரன்:
வீட்டு லோன் ரிஜெக்ட் ஆகிவிட்டது. கிரெடிட் ரிப்போர்ட்டை (நம் கடன், தவணை விவரப் பதிவு) பார்த்தால், மூன்று தவணை பாக்கியோடு என் பெயரில் ஒரு கார் லோன். அது என் தம்பியுடையது. இருவருக்கும் அப்பா பெயர்தான் லாஸ்ட் நேம், முதல் எழுத்தும் ஒன்று. இரண்டு வருடம் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தோம். லோன் கொடுத்த கம்பெனிக்கு நாலு தடவை போன் போட்டேன். "பார்க்கிறோம்" என்பதோடு சரி.

டல்லாஸ்_குமார்:
ஐடென்டிட்டி தெஃப்ட் (உங்கள் பெயரில் வேறொருவர் மோசடி) என்று சொல்லிவிடுங்கள். கிரெடிட் பியூரோ (கடன் விவரங்களைத் திரட்டி ரிப்போர்ட் தரும் கம்பெனி) 4 வேலை நாளில் அந்த லோன் ரிப்போர்ட்டில் வராமல் பிளாக் செய்தாக வேண்டும்.

மீனா_ஓஹையோ:
குமார், அதற்குப் பொய்யாக மோசடிப் புகார் எழுதித் தர வேண்டும். தம்பியைத் திருடனாக்கவா?

நியூஜெர்சி அண்ணா, இது இரண்டு பேர் ஃபைல் கலந்துபோன கேஸ். அப்பா பெயரை லாஸ்ட் நேமாக வைக்கும் நம் வழக்கத்துக்கு இந்தத் தலைவலி கூடுதல். போனை விடுங்கள். 1970-ல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, தப்பு இருக்கிற பியூரோவுக்கு டிஸ்ப்யூட் (இது தப்பு என்ற ஆட்சேபம்) போடணும், எழுத்திலேயே போடுங்கள். லோன் கொடுத்த கம்பெனிக்கு மட்டும் எழுதினால், பின்னால் அவர்கள் மேல் கேஸ் போட இந்தச் சட்டத்தில் வழியில்லை. பியூரோ மூலம் போய், அப்போதும் அந்தக் கம்பெனி ஒழுங்காக விசாரிக்காவிட்டால்தான் போடலாம். பலரும் கோட்டை விடும் இடம் இது.

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பியூரோக்களிலும் பாருங்கள். ரிஜெக்ட் லெட்டரில் எந்தப் பியூரோ என்று இருக்கும். 60 நாளுக்குள் கேட்டால் அந்த ரிப்போர்ட் இலவசம். ஐடி, அட்ரஸ் ப்ரூஃப் காப்பியோடு சர்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரசீதோடு அனுப்புங்கள். பியூரோ 30 நாளுக்குள் விசாரிக்கணும். நடுவில் புதுப் பேப்பர் அனுப்பினால் இன்னும் 15 நாள் எடுத்துக்கொள்ளலாம். சரிபார்க்க முடியாததை நீக்கியே ஆகணும்.

நியூஜெர்சிக்காரன்:
அப்டேட்: ஒரு பியூரோவில்தான் தப்பு. 23-வது நாள் நீக்கிவிட்டதாக லெட்டர் வந்தது. நன்றி மீனா! திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளுமா?

மீனா_ஓஹையோ:
வரலாம். ஆனால் கம்பெனி அது சரியான தகவல்தான் என்று உறுதி தரணும், பியூரோவும் 5 வேலை நாளுக்குள் உங்களுக்கு எழுதித் தெரிவிக்கணும். அந்த லெட்டரைப் பத்திரமாக வையுங்கள்.

நியூஜெர்சிக்காரன்:
பேங்குக்கு நானே சொல்லணுமா?

மீனா_ஓஹையோ:
கடந்த 6 மாதத்தில் ரிப்போர்ட் வாங்கியவர்களுக்குத் திருத்தத்தைப் பியூரோவே அனுப்பும், நீங்கள் பெயர் குறிப்பிட்டுக் கேட்டால் மட்டும். இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.